தண்ணீர் வழியாக வருபவர்களுக்குக் கட்டணம்

1

இந்த வருடம் படகுக் காட்சிக்கு நான் பஸ்ஸில் போனேன்.

ஊரில் இருந்து இதை வாசிப்பவர்களுக்கு இதில் என்ன புதினம் என்று தோன்றும். காட்சிக்குப் பஸ்ஸில்தானே போவார்கள். ஆனால் இதற்கு முன் வந்த கோடைகளில் எல்லாம் நான் அந்தக் காட்சிக்குப் படகில் போனவள். கரையில் நின்று பார்த்தவர்களில் ஒருத்தியாக அல்ல, படகில் இருந்து பார்க்கப்பட்டவர்களில் ஒருத்தியாக.

மொன்றியல் ஒரு தீவு. அதன் தெற்குக் கரையில், லஷீன் என்ற இடத்தில், பழைய கால்வாய் ஒன்று ஏரியில் திறக்கிறது. நீண்ட காலம் மூடிக் கிடந்த அந்தக் கால்வாயைப் படகுகளுக்கு மறுபடியும் திறந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு கோடையின் கடைசியிலும் அங்கே ஒரு காட்சி. பழைய மரப்படகுகளைக் கால்வாய்ச் சுவரோடு வரிசையாகக் கட்டிவைத்திருப்பார்கள். சனங்கள் ஐஸ்கிறீம் தின்றுகொண்டு கரையில் நடந்து பார்ப்பார்கள். அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு நாளுக்காக நான் ஒரு வருடம் முழுக்கக் காத்திருந்த காலம் ஒன்று இருந்தது.

கோட்-டெ-நெய்ஜில் என் வீட்டிலிருந்து மெத்ரோ எடுத்து, கடைசி நிலையத்தில் இறங்கி, பஸ் மாறிப் போனேன். மாதாந்தப் பயண அட்டை இருந்தபடியால் எனக்கு ஒரு சதமும் செலவில்லை. கரையில் நடப்பவர்களிடம் நுழைவுக் கட்டணம் கேட்பதும் இல்லை. கட்டணம் எல்லாம் தண்ணீர் வழியாக வருபவர்களுக்குத்தான்.

2

லூசிலை நான் வேலைத்தலத்தில்தான் சந்தித்தேன். சென்ட் லோரன்டில் ஒரு மருந்துத் தொழிற்சாலை. மாத்திரைப் போத்தல்கள் பட்டியில் ஊர்ந்து வரும். அவற்றைப் பெட்டியில் அடுக்கி, மடித்த கடதாசி ஒன்றை உள்ளே வைத்து மூட வேண்டும். தலையில் வலை, கையில் உறை, வாய்க்கு மூடி. கண் மட்டுந்தான் வெளியே தெரியும். எனக்குப் பக்கத்தில் நின்றவளின் கண்கள் நீலம். அறுபது வயதை எட்டிக்கொண்டிருந்தாள். பெயர் லூசில்.

பிரெஞ்சு தெரியாதவர்களோடு இங்குள்ளவர்கள் இரண்டு விதமாகக் கதைப்பார்கள். ஒன்று, காது கேளாதவருக்குச் சொல்வதுபோல உரத்து, ஒவ்வொரு சொல்லாக. மற்றது, கதைக்காமலே விடுவது. லூசில் இரண்டையும் செய்யவில்லை. தன் தங்கையோடு கதைப்பதுபோல முழு வேகத்தில் கதைத்தாள். நாலு சொல்லில் ஒன்று எனக்குப் பிடிபடும். மிச்சத்தை அவளுடைய கையும் புருவமும் சொல்லிவிடும். நான் இங்கே அவள் பேச்சைத் தமிழில் எழுதுகிறேன். அவள் சொன்னதை நான் அப்படித்தான் கேட்டேன். எவ்வளவு சரி என்று அவளுக்குத்தான் தெரியும்.

ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில், "உனக்கு நீந்தத் தெரியுமா?" என்று கேட்டாள்.

"இல்லை."

"கடலுக்குப் பக்கத்தில் பிறந்தவள் என்றாய்."

"பக்கத்தில்தான். உள்ளே இல்லை."

அவள் சிரித்துவிட்டு, "சனிக்கிழமை வா," என்றாள்.

தீவின் மேற்கு முனையில் சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ. லூசில் அங்கே ஒரு கடைக்கு மேலே வாடகைக்கு இருந்தாள். கல்யாணம் செய்யவில்லை. அவளுக்கு அப்பா தன் கையால் செய்து விட்டுப்போன ஒரே சொத்து, பத்தொன்பது அடி நீளமான ஒரு மரப்படகு. முன்பக்கத்தில் மழைக்கு இரண்டு பேர் ஒதுங்கக்கூடிய ஒரு சின்னக் கூடு, பின்பக்கத்தில் ஒரு மோட்டார். தெரிந்த ஒருவரின் சொந்தப் படகுத்துறையில் அதைக் கட்டியிருந்தாள். வருடாவருடம் வசந்தத்தில் அவளே சுரண்டி, தேய்த்து, மினுக்கெண்ணெய் பூசுவாள். தண்ணீரில் அது தேனில் தோய்த்ததுபோல நிற்கும்.

அந்தக் கோடையின் கடைசியில் முதன்முறையாக என்னைக் காட்சிக்குக் கூட்டிப்போனாள். காலையில் புறப்பட்டோம். சென்ட்-ஆன் மடையில் எங்களை உள்ளே விட்டுக் கதவை மூடி, நாங்கள் கயிற்றைப் பிடித்திருக்கத் தண்ணீரை இறக்கி, மறுபக்கம் திறந்துவிட்டார்கள். அதன்பிறகு அகன்ற ஏரி. ஏரி முடிகிற இடத்தில் கால்வாய். அங்கேயும் ஒரு மடை. சுவரில் கட்டியதும் தொப்பி போட்ட ஒரு கிழவர் வந்து கோப்பி வாங்க இரண்டு துண்டுச் சீட்டுகள் தந்தார். தண்ணீர் வழியாக வந்தவர்களுக்குக் கோப்பி இலவசமாம்.

நான் கடலை வடை சுட்டுக்கொண்டு போயிருந்தேன். கரையில் போனவர்கள் நின்று, "பொன்ஜூர், என்ன மணக்கிறது?" என்று கேட்டார்கள். குனிந்து வாங்கித் தின்றார்கள். எந்த மரம், எந்த வருடம் என்று விசாரித்தார்கள். லூசில் பதில் சொல்லும்போது, "என் சினேகிதி திருகோணமலைக்காரி, அங்கே உலகத்திலேயே நல்ல துறைமுகம் இருக்கிறது," என்று என்னையும் சேர்த்துச் சொன்னாள். அந்தப் பெயரை அவள் நாலு துண்டாக உடைத்துத்தான் சொன்னாள். என்றாலும் சொன்னாள்.

நான் மொன்றியலுக்கு வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. பஸ்ஸில், கடையில், மின்தூக்கியில் எனக்குப் பொன்ஜூர் சொன்னவர்கள் ஏராளம். சொல்லிவிட்டு நின்றவர்களை அன்றைக்குத்தான் கண்டேன்.

3

திருகோணமலையில் நான் கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞராக இருந்தேன். வீடு மூதூரில். வேலைக்கு வருவதும் போவதும் லோஞ்ச் என்ற மோட்டார்ப் படகில். காலையில் இறங்குதுறையில் படையினரின் சோதனை வரிசை. அடையாள அட்டை, கைப்பை, சாப்பாட்டுப் பெட்டி எல்லாம் திறந்து காட்ட வேண்டும். சோற்றுக்குள் கரண்டி விட்டுக் கிளறிப் பார்த்த நாட்களும் உண்டு. பிறகு ஆடும் ஆளும் மரக்கறி மூட்டையுமாக நெருக்கியடித்துக்கொண்டு குடாவைக் கடப்போம். அந்த லோஞ்சில் ஒருவரும் தண்ணீரைப் பார்ப்பதில்லை. எல்லாருடைய கண்ணும் கரையில்தான் இருக்கும், இன்றைக்கு அங்கே எத்தனை பேர் நிற்கிறார்கள் என்று.

பயணத்துக்கான காசு சொற்பம். அதைப்பற்றி யாரும் முறையிட்டதாக எனக்கு நினைவில்லை. அங்கே தண்ணீரில் போவதற்குக் கடதாசி கேட்டார்கள். இங்கே காசு கேட்டார்கள். கொஞ்ச வருடத்தில் இங்கேயும் இரண்டையும் கேட்கத் தொடங்கினார்கள்.

இரண்டாவது வருடம் சுவரில் கட்டுவதற்கு ஒரு சிறு தொகை. கோப்பிச் சீட்டு ஒன்றாகக் குறைந்தது. அதற்கு அடுத்த வருடம் தொகையை அடிக்கணக்கில் போட்டார்கள். நீளப் படகுக்குக் கூட, கட்டைப் படகுக்குக் குறைய. நியாயம் போலத்தான் தெரிந்தது. ஆனால் அந்தக் கோடையின் கடைசியில் அமெரிக்காவில் அடித்த புயலோடு பெற்றோல் விலையும் ஏறிப்போனது. மோட்டாருக்கு ஊற்றும்போது லூசில் பம்பின் எண்களைப் பார்க்காமல் ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு காப்புறுதிப் பத்திரம் கேட்டார்கள். பழைய மரப்படகுக்குக் காப்புறுதி கொடுக்க முதலில் ஒரு பரிசோதகர் வந்து பார்க்க வேண்டும். பரிசோதகருக்குக் காசு. அவர் சொன்ன திருத்தத்துக்குக் காசு. கடைசியில், ஒரு நாளைக்கு வந்தாலும் இரண்டு நாளுக்கும் சேர்த்துத்தான் இடம் எடுக்க வேண்டும் என்று விதி வந்தது. மடைக்கு வேறு சீட்டு.

காட்சி நடத்தியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்களும் எங்களைப்போலச் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர்கள், ஓய்வுபெற்றவர்கள். காவலுக்கு ஆள் வேண்டும், கழிவறை வாடகைக்கு எடுக்க வேண்டும், அவர்களிடமும் யாரோ காப்புறுதி கேட்கிறார்கள். ஆனால் ஒரு விசித்திரம் நடந்தது. படகை வண்டியில் ஏற்றி நெடுஞ்சாலையில் இழுத்துவந்து கரையில் புல்லில் வைத்தால் மலிவு. மடைச்சீட்டு இல்லை, சுவர்க் காசு இல்லை. அதனால் வருடம் போகப்போகப் புல்லில் படகுகள் கூடின. சுவரில் இடைவெளி விழுந்தது.

"படகுக் காட்சிக்குப் படகில் வருவதுதான் பிழை," என்றாள் லூசில். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அந்த வருடம் அவள் தன் சாண்ட்விச்சில் பாதியைத் திரும்பச் சுற்றி இரவுக்கு வைத்ததை நான் கண்டேன்.

பெற்றோலில் பாதியை நான் தருகிறேன் என்று ஒருமுறை கேட்டேன். "நீ வடை கொண்டுவா," என்று கதையை முடித்துவிட்டாள்.

4

என் வீட்டைப்பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

என் கணவர் வேலைசெய்த தளபாடத் தொழிற்சாலை மூடியபோது, ரொறன்ரோவில் லொறி ஓட்டும் வேலை கிடைத்து அவர் அங்கே போனார். மகள் நிஷாவின் படிப்பு பிரெஞ்சில் நடந்துகொண்டிருந்தது, எனக்கும் இங்கே நிரந்தர வேலை. அதனால் நாங்கள் இருவரும் இங்கேயே இருந்தோம். முதலில் கிழமைக்கு ஒருக்கால் வந்தார். பிறகு மாதத்துக்கு ஒருக்கால். பிறகு நத்தாருக்கும் பொங்கலுக்கும். நாங்கள் பிரிந்துவிட்டோம் என்று அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. சொல்லாத காரணத்தால் அது நடக்கவில்லை என்று ஆகிவிடாது.

பெற்றோலில் பாதி தரக் கேட்ட கதையைத் தொலைபேசியில் சொன்னபோது அவர், "விசரே உமக்கு? ஒரு நாள் தண்ணியில மிதக்கிறதுக்கு இவ்வளவு காசோ? அந்தக் காசுக்கு மூண்டு தரம் ரொறன்ரோ வந்து போகலாம்," என்றார்.

"நீங்களும் வந்து போகலாம்தானே," என்றேன்.

அவர் தொலைக்காட்சிச் சத்தத்தைக் கூட்டினார். "சரி, பேந்து எடுக்கிறன்," என்று வைத்துவிட்டார்.

நிஷா ஒருமுறைகூடக் காட்சிக்கு வரவில்லை. "அம்மா, அது வெள்ளைக்காரக் கிழவர்ட விளையாட்டு. எனக்கு வெக்கமாய் இருக்கும்," என்பாள். என்ன வெட்கம் என்று கேட்டால் பிரெஞ்சில் ஏதோ சொல்லுவாள். எனக்கு விளங்கக்கூடாத விஷயங்களை அவள் பிரெஞ்சில்தான் சொல்லுவாள். வேலையும் படிப்புமாக அவள் வீட்டில் நிற்பதே குறைந்துகொண்டுவந்தது. பல்கலைக்கழகம் போகத் தொடங்கியதும் சினேகிதர்களோடு வேறு இடத்தில் அறை எடுத்தாள். நடந்தே போகக்கூடிய தூரத்தில் பல்கலைக்கழகம் இருக்க, இரண்டு மெத்ரோ மாறி வரும் இடத்தில் அறை. நான் ஏன் என்று கேட்கவில்லை.

அதே காலத்தில்தான் தொழிற்சாலையில் எங்கள் பட்டியை வேறு ஊருக்கு மாற்றினார்கள். வயது போனவர்களுக்கு ஏதோ ஒரு தொகை கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். லூசிலும் போனாள். என்னை இன்னொரு பிரிவுக்கு மாற்றினார்கள். அங்கே பக்கத்தில் நிற்பவர்கள் காதில் பாட்டுக் கருவியோடு நிற்பார்கள். சாப்பாட்டு நேரத்தில் நான் ஜன்னலோரம் இருந்து வாகனத் தரிப்பிடத்தைப் பார்த்துக்கொண்டு சாப்பிடப் பழகினேன்.

அப்போது எனக்கு மிஞ்சியிருந்தது அந்தச் சனிக்கிழமை மட்டுந்தான். யாரும் அதை எடுத்துவிடக்கூடாது என்று ஒரு பிடிவாதம் எனக்குள் வளர்ந்தது.

5

அந்தக் குளிர்காலத்தில் லூசில், "இனி நான் போகவில்லை," என்றாள். ஓய்வூதியத்தில் வாடகைக்கே இழுபறி. அதோடு, அடுத்த வருடத்திலிருந்து மோட்டார்ப் படகு ஓட்டும் எல்லாருக்கும் ஒரு பரீட்சையும் அட்டையும் வேண்டும் என்று அரசாங்கம் சொல்லியிருந்தது. "ஐம்பது வருடமாக ஓட்டுகிறேன். எனக்குப் பரீட்சை! அதற்கும் காசு!" என்று மேசையில் தட்டினாள்.

அட்டைதான் தடை என்றால் அதை நான் எடுத்தால் போயிற்று என்று நினைத்தேன். பரீட்சைப் புத்தகத்தை வாங்கினேன். நிஷா ஒரு ஞாயிற்றுக்கிழமை உடுப்புத் தோய்க்க வந்தபோது அதை மேசையில் கண்டு, "இது ஆருக்கு?" என்றாள்.

"எனக்கு."

அவள் என்னை ஒருதரம் பார்த்தாள். பிறகு கதிரையை இழுத்துப்போட்டுக்கொண்டு கேள்வி கேட்கத் தொடங்கினாள். தோய்க்கும் இயந்திரம் சுற்றி முடித்துச் சத்தம் போட்டும் அவள் எழும்பவில்லை.

"அம்மா, உங்கட வலப்பக்கத்தில இருந்து ஒரு படகு குறுக்க வருது. ஆர் விட்டுக் குடுக்கோணும்?"

"கூடக் காசு குடுத்தவன் போகட்டும்."

"அம்மா!" அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "நீங்கள்தான் விட்டுக் குடுக்கோணும்."

"அதுவும் நானே?"

நெடுங்காலத்துக்குப் பிறகு என் மகள் தமிழில் சிரித்த நாள் அது. தமிழில் சிரிப்பது என்று ஒன்று இருக்கிறதா என்று கேட்பீர்கள். இருக்கிறது. மூன்று ஞாயிறு தொடர்ந்து வந்து சொல்லித்தந்தாள். பரீட்சை நாளன்று வெளியே காத்து நின்றாள். நான் சித்தியடைந்ததும் என்னைக் கட்டிப்பிடித்துவிட்டு, பிந்திவிட்டது என்று ஓடிப்போனாள். அடுத்த ஞாயிறு அவள் வரவில்லை. அவளுடைய கட்டடத்திலேயே தோய்க்கும் இயந்திரம் ஒன்று வைத்துவிட்டார்களாம்.

அட்டை கையில் வந்த துணிவில் நான் இன்னொரு வேலையும் செய்தேன். லூசிலிடம் கேட்காமலே காட்சி அலுவலகத்துக்குப் போய் இடத்துக்குப் பதிந்தேன். மேசையில் இருந்த பெண் படகைப்பற்றிக் கேள்விகள் கேட்டு எழுதினாள். "எத்தனை பியே?" என்றாள். பியே என்றால் பாதம் என்று எனக்குத் தெரியும். அளவில் வரும் அடியும் அதே சொல்தான் என்பது அந்த நேரத்தில் ஓடவில்லை. படகில் வருவது நானும் லூசிலும். "நாலு," என்றேன்.

அவள் பேனையை வைத்துவிட்டு, "நாலு அடியா, மதாம்? குளிக்கிற தொட்டியிலா வருகிறீர்கள்?" என்றாள். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நாலு அடி என்றே எழுதியிருந்தால் எவ்வளவு மலிவாகப் போயிருக்கும்.

காசைக் கட்டிவிட்டு, அடுத்த நாளே பற்றுச்சீட்டையும் அட்டையையும் கொண்டு சென்ட்-ஆனுக்குப் போனேன். லூசில் சந்தோஷப்படுவாள் என்று முழுமனதாக நம்பினேன். அவள் இரண்டையும் பார்த்தாள். முகம் சிவந்துகொண்டுவந்தது.

"நான் உன்னிடம் கேட்டேனா?"

"இல்லை, ஆனால்..."

"இத்தனை வருடமும் நீ என் விருந்தாளி. எனக்கு வீடு இல்லை, பிள்ளைகள் இல்லை. நான் ஒருவரைக் கூப்பிட்டு உபசரிக்கிறதுக்கு இருந்தது அந்தப் படகு ஒன்றுதான். இப்போது நீ காசைக் கட்டிவிட்டாய். இனி நான் உன்னுடைய விருந்தாளியா?"

எனக்குப் பதில் இருந்தது. தமிழில் இருந்தது. நீ இல்லாவிட்டால் எனக்கு இந்த ஊரில் ஆர் இருக்கினம் என்று சொல்ல வேண்டும். அதைப் பிரெஞ்சில் அடுக்குவதற்குள் அவள் எழும்பிப்போய்க் கோப்பை கழுவத் தொடங்கினாள். தண்ணீர் ஓடும் சத்தத்தில் நான் கதவைச் சாத்திக்கொண்டு படியிறங்கினேன்.

6

கோடை நடுவில் அவளே அழைத்தாள். நேரில் வரச் சொன்னாள்.

"படகை விற்றுவிட்டேன்," என்றாள். "லஷீனில் இருக்கிற ஒருவன். காட்சி நாளன்று பின்னேரம் அங்கேயே எடுத்துக்கொள்வான். நீ இடத்துக்குக் காசு கட்டியிருக்கிறாய். வீணாக்க வேண்டாம். கடைசித் தரம் போவோம்."

காட்சி நாள் காலையில் நான் வடையோடு துறைக்குப் போனேன். லூசில் படகைத் துடைத்து, பெற்றோல் ஊற்றி, சுடுதண்ணிப் போத்தலில் கோப்பியும் வைத்திருந்தாள். நான் ஏறி இருந்தேன். அவள் கயிற்றை அவிழ்த்துப் படகுக்குள் போட்டாள். ஆனால் தான் ஏறவில்லை.

"ஏறு, லூசில்."

"இல்லை. அவன் அதைக் கொண்டுபோகிறதை நான் பார்க்க மாட்டேன்." காலால் படகை மெல்லத் தள்ளிவிட்டாள். "ஏரி இன்றைக்குத் தட்டையாக இருக்கிறது. உனக்கு வழி தெரியும், சுக்கானும் பழக்கம். போ."

படகு விலகிவிட்டது. அவள் கையசைக்கவில்லை. திரும்பி நடந்துபோவதையும் நான் பார்க்கவில்லை, ஏனென்றால் நான் முன்னால் பார்க்க வேண்டியிருந்தது.

சென்ட்-ஆன் மடையில் வழக்கமாக அவள் முன் கயிறு, நான் பின் கயிறு. அன்றைக்கு இரண்டு கயிறும் என் கையில். மேலே நின்று மடையில் வேலைசெய்த பெண், கல்லூரி மாணவி போல இருந்தாள், குனிந்து, "தனியாகவா வந்தீர்கள், மதாம்?" என்றாள்.

தனி என்பதற்குப் பிரெஞ்சில் பெண்பாலில் சொல்லும் சொல் 'சேல்'. என் நாக்கில் அது 'சூல்' என்று வந்தது. "ஓம், நான் சூல்," என்றேன் உரத்து.

அவளுடைய முகம் மாறியது. கூட வேலைசெய்பவனைக் கூப்பிட்டாள். அவன் வந்து மிக மரியாதையாக, "மதாம், என்ன குடித்தீர்கள்?" என்றான்.

"கோப்பி," என்றேன். போத்தலைத் தூக்கிக் காட்டினேன்.

"வேறொன்றும்?"

"காலையில் தேத்தண்ணி."

அந்தப் பெண்ணுக்கு விளங்கிவிட்டது. சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு விரலைக் காட்டினாள். "மதாம், சூல் என்றால் குடிவெறி. நீங்கள் சொல்ல வந்தது சேல். சேல்." நான் சொன்னேன். சரியில்லை என்று தலையாட்டினாள். மறுபடி சொன்னேன். முன்னும் பின்னும் நின்ற படகுக்காரர்கள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாந்தரம் சரியாக வந்துவிட்டது. நான் தனி. நான் தனி. நான் தனி. அவள் கைதட்டினாள். பிறகு கயிற்றில் ஒன்றைத் தான் வாங்கிப் பிடித்துக்கொண்டாள். தண்ணீர் இறங்கத் தொடங்கியது. இறங்க இறங்கச் சுவர் உயர்ந்தது, அவள் முகம் மேலே மேலே போனது.

ஏரியில் எனக்குப் பயமாக இருந்தது என்று சொன்னால் பொய் இல்லை. ஒரு பெரிய வெள்ளைப் படகு கடந்தபோது அதன் அலை என்னை இரண்டு பக்கமும் உருட்டியது. அலைக்கு மூக்கைக் கொடு, விலாவைக் கொடுக்காதே என்று புத்தகத்தில் படித்ததையும் லூசிலின் கை காட்டும் திசையையும் நினைத்துக்கொண்டு சுக்கானைத் திருப்பினேன். படகு ஏறி இறங்கி நேரானது. அதற்குப் பிறகு சுற்றிவர ஒருவரும் இல்லை. மோட்டாரின் சத்தம், வெயில், தூரத்தில் ஒரு தேவாலயக் கோபுரம். நான் வாய்விட்டுக் கதைக்கத் தொடங்கினேன். கணவரோடு கதைத்தேன், நிஷாவோடு கதைத்தேன். லூசிலுக்குச் சொல்ல முடியாமல் போன பதிலையும் சொன்னேன். எல்லாம் தமிழில். ஒரு சொல்லும் தடக்கவில்லை.

கால்வாய்ச் சுவரில் பாதிக்கு மேல் காலி. என் படகுக்கு இரண்டு பக்கமும் வெறும் தண்ணீர். கரையில் போனவர்கள் வழக்கம்போல் நின்றார்கள், படகு அழகு என்றார்கள். எந்த வருடம் செய்தது, யார் செய்தது என்று கேட்டார்கள். நான் "லூசிலின் அப்பா," என்றேன். யார் லூசில் என்று அவர்களுக்குத் தெரியாது. வடை மிஞ்சிப்போயிற்று.

பின்னேரம் வாங்கியவர் வந்தார். நல்ல மனிதர். படகின் மரத்தைத் தடவிப் பார்த்தவிதத்தில் அது தெரிந்தது. மோட்டாரின் திறப்பைக் கொடுத்தேன். "அடுத்த வருடமும் இங்கே வருமா?" என்று கேட்டேன்.

"வண்டியில் ஏற்றிவந்து புல்லில் வைத்தால் வரலாம். தண்ணீரில் வைத்துக் கட்டுபடியாகாது, மதாம்."

அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு கரைக்கு ஏறினேன். நான் சனத்தோடு சனமாகப் பஸ் தரிப்புக்கு நடந்தேன்.

7

அந்த இலையுதிர்காலத்திலேயே லூசில் வீட்டை விட்டுவிட்டு ஆற்றின் கீழ்ப்பக்கம், பஸ்ஸில் ஒரு முழுப்பகல் போகும் தூரத்தில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். போகுமுன் சந்தித்தோம். கோபம் எல்லாம் எப்போதோ தணிந்திருந்தது. மினுக்கெண்ணெய் பூசும் தூரிகைகளை எனக்குத் தந்தாள். எனக்கு அவை எதற்கு என்று இருவருமே கேட்கவில்லை.

இந்த வருடம், தொடக்கத்தில் சொன்னதுபோல, பஸ்ஸில் போனேன். புல்லெல்லாம் படகு. கால்வாயில் நாலைந்துதான். வாங்கியவர் சொன்னபடி எங்கள் படகையும் கொண்டுவந்திருப்பாரோ என்று தேடினேன். காணவில்லை. தண்ணீரில் நின்ற படகு ஒன்றில் இரண்டு கிழவர்கள் சீட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். ஐஸ்கிறீம் ஒன்று வாங்கித் தின்றுவிட்டு, வெயில் சாயும் முன்னரே வீடு திரும்பினேன்.

வீட்டுக்கு வந்து லூசிலுக்குத் தொலைபேசி எடுத்தேன். நாங்கள் தொலைபேசியில் அதிகம் கதைப்பதில்லை. காரணம் சின்னது. அவள் கையும் புருவமும் தொலைபேசிக்குள் வராது.

"காட்சி எப்படி?" என்றாள். அது விளங்கியது.

"வெயில் நல்லது. படகு குறைவு."

அவள் ஏதோ நீளமாகச் சொன்னாள். எனக்குப் பிடிபடவில்லை. திரும்பச் சொல்லச் சொன்னேன். திரும்பச் சொன்னாள். நான் "ஓம்" என்றேன். விளங்காதவள் சொல்லும் ஓம் என்று அவளுக்குத் தெரியும். நிறுத்திவிட்டாள்.

நிஷா எப்படி என்று கேட்டாள். நல்லம் என்றேன். தங்கை எப்படி என்று நான் கேட்டேன். நல்லம் என்றாள். அவளுடைய நோகும் முழங்கால் எப்படி என்று கேட்க நினைத்தேன், முழங்காலுக்குச் சொல் வரவில்லை. அதோடு எங்களிடம் இருந்த சொற்கள் முடிந்துவிட்டன. தூர அழைப்பு. நிமிடத்துக்கு நிமிடம் காசு ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்கும் அது தெரியும். வை என்று அவள் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

"என்ன செய்துகொண்டிருக்கிறாய்?" என்றாள்.

"ஒன்றுமில்லை."

"நானும் ஒன்றுமில்லை." கொஞ்சம் பொறுத்து, மெல்ல, ஒவ்வொரு சொல்லாக, அவள் ஒருநாளும் என்னோடு கதைக்காத விதத்தில் சொன்னாள்: "வைக்காதே. நான் கோப்பி போட்டுக்கொண்டு வருகிறேன். நீயும் போடு."

தொலைபேசியை அவள் மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது. காலை இழுத்து நடக்கும் சத்தம், அலுமாரி திறக்கும் சத்தம், குழாய்த் தண்ணீர். நானும் தொலைபேசியை மேசையில் வைத்துவிட்டுப் போய்க் கேத்தலை அடுப்பில் வைத்தேன்.